அரைப்பேர்

ஹட்டன் நீதிமன்றத்தில்
எனக்கு முதலியார் வேலை.
மொழிபெயர்க்கிறவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
பட்டம் ஒன்றுமில்லை,
காலையிலிருந்து நிற்கிற வேலை.

அன்றைக்கு ஒன்பதாவது வழக்கு.
கூண்டில் விதுர்ஷன், வயது பதினேழு.
பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையில்
செம்புக் கம்பி உருவினான்,
பழைய இரும்புக் கடையில்
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு விற்றான் என்று
சிங்களத்தில் ஒரு வாக்குமூலம்.
அவனுக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் தாளின் அடியில்
தமிழில் அவன் கையெழுத்து,
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து.

இரண்டு இரவு பொலிசில் இருந்திருக்கிறான்.
காலில் ஒரு செருப்பு
அவனுடையதல்ல.

வாசலில் கண்டிக்குப் போகிற வண்டி
எஞ்சினை அணைக்காமல் நின்றது.
விளக்கமறியலுக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும்.
பதினாலு நாளில் திரும்பி வருவார்கள்.
வரும்போது சில வார்த்தைகளைக் கற்றிருப்பார்கள்.
அவற்றை நான் சபையில் சொல்லத் தடுமாறுவேன்,
இரண்டு மொழியிலும்.

நன்னடத்தை உத்தியோகத்தர் தில்ருக்‌ஷி எழுந்தார்.
ஒரேயொரு பக்க அறிக்கை.
லயத்துக்கு நடந்தே போய் எழுதியது,
ஓரத்தில் மழை பட்டு மை கலைந்திருந்தது.
பையனை வீட்டுக்கு அனுப்பலாம்,
வாரம் ஒருதரம் நான் போய்ப் பார்க்கிறேன்,
கம்பிக் காசைத் தவணையில் கட்டட்டும் என்றார்.

நீதவான் தாயைக் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்:
இவனைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வீர்களா?

செல்வமலர் கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.
கொழுந்துக் கறை ஏறிய தன் விரல்களிடம் சொன்னாள்:
"விடியமுன்ன எந்திரிச்சு
பெரட்டுக் களத்துக்கு ஓடுறேன்.
கிலோ குறைஞ்சா அரைப்பேரு.
இருட்டுனப்புறம் வாறேன்.
இவங்கப்பன் கொழும்புல, போனைத் தூக்குறதில்ல.
நான் எப்பங்கய்யா பாக்குறது?
இன்னைக்கி இங்க வந்ததுல
எனக்குப் பேரே இல்ல."

சபை காத்திருந்தது.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு சொல்லை நான் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.
பேர் என்பதை எப்படிக் கொண்டுபோவது?
நாட்கூலி என்றால் காசு மட்டும் போய்ச் சேரும்.
பெயர் என்றால் பெயர் மட்டும்.
அவள் இரண்டையும்
ஒரே ஈரச் சாக்கில் கட்டி
என் முன்னால் வைத்திருந்தாள்.

"ஓம் என்கிறார்" என்றேன், சிங்களத்தில்.

நீதவான் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்று
கன்டீனில் ஒரு பேச்சு உண்டு.
பார்த்தார், பார்த்தார்,
பிறகு எழுதினார்.

வண்டி போனது,
இவனில்லாமல்,
வேறு மூன்று பையன்களோடு.
அவர்களுடைய வழக்கில் அறிக்கை எதுவும் வரவில்லை,
நானும் சொன்னதைத்தான் சொன்னேன்.

நாலரை பஸ்.
டிக்கோயாவில் இறங்குகிறவன் நான்,
பின் இருக்கையில்.
முன்னால் தில்ருக்‌ஷி உடைந்த தமிழில்
பள்ளிக்கூடம் பற்றிக் கேட்க,
அவன் உடைந்த சிங்களத்தில் பதில் சொல்ல,
என்னை யாரும் கூப்பிடவில்லை.

தாயும் மகனும் ஒரே இருக்கை.
நடுவில் அவளுடைய பை.
நான் சொன்ன ஓம்
அவள் பேரில் பதிவேட்டில் ஏறிவிட்டது.
அவளுக்கு அது தெரியாது.
எழுந்து போய்ச் சொல்லலாமா என்று
கம்பியைப் பிடித்தேன், விட்டேன்.

காசல்ரீ தண்ணீர் தெரிகிற வளைவில்
பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
பை நழுவி விழ,
இரண்டு பேரும் ஒன்றாய்க் குனிய,
தலையும் தலையும் முட்டியது.

"எரும" என்றாள்.
மூன்று நாளைக்குப் பிறகு
அவனிடம் அவள் பேசிய முதல் சொல்.
அவன் அவளுடைய நெற்றியைத் தேய்த்துவிட்டான்,
தன்னுடையதை மறந்து.

கொண்டக்டர் என் தோளைத் தட்டினார்.
நான் இறங்க வேண்டிய இடம்
எப்போதோ போயிருந்தது.