முறைத் தண்ணீர்

நாற்பது கிலோ சிப்பம்.
நாள் முழுக்க எடை பார்த்துப்
பட்டியல் எழுதுகிறவள் நான்,
வலங்கைமானுக்கு மேற்கே
கொள்முதல் நிலையத்தில்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
காயவைத்து எடுத்துவாருங்கள் என்பேன்.
தராசு சும்மா கிடக்கும்போதும்
அதன்மேல் நான் ஏறியதில்லை.

காலையில் டீ.
மதியம் ஒரு பொய்:
"இப்பதான் சாப்பிட்டேன், வயிறு கம்முனு இருக்கு."
திறக்காத டிபன் பாக்ஸில்
தயிர்சாதம் புளித்துக்கொண்டிருக்கும்.
"எப்படித்தான் இவ்வளவு கட்டுப்பாடோ"
என்பார்கள்.

இரவு பதினொன்றரைக்குக் கரை உடையும்.

முதலில் அந்தத் தயிர்சாதம்.
மகனுக்கு வாங்கிவைத்த ரஸ்க்.
கல்யாண வீட்டுப் பையிலிருந்த லட்டு, யார் கல்யாணமோ.
பானையின் அடிச்சோறு.
நாளைக்கான தோசை மாவு,
வார்க்கப் பொறுமையில்லாமல் கரண்டியோடு,
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி.
ருசி முதல் வாயோடு போய்விடும்.
மீதியெல்லாம் கை செய்கிற வேலை.
பிறகு கவர்களைச் சத்தமில்லாமல் மடித்து
கைப்பைக்குள் ஒளித்து,
விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுத் தொட்டியில்.

சோற்றுக்குப் பேர்போன ஜில்லாவில்
சோறுதான் வியாதி என்று
யாரிடம் சொல்வது?
வாயைக் கட்டு என்பார்கள்.
வாயைக் கட்டிக் கட்டித்தானே
இங்கே வந்து நிற்கிறேன்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிப் பின்கட்டு, புதன்கிழமை.
ஏழு பிளாஸ்டிக் நாற்காலி.
லாரி ஓட்டும் ஞானசேகர்
தரையைப் பார்த்தபடி சொன்னார்:
"செங்கிப்பட்டி தாண்டி ஓரங்கட்டி
லைட்டை அணைச்சிட்டுத் திம்பேங்க.
ஆறு பார்சல்.
பசங்க காத்திருக்காங்கன்னு கடையில சொல்வேன்.
எனக்குப் பசங்களே கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை.
ஆபீஸில் பிறந்தநாள் என்று
எத்தனை பேக்கரியில் நான் சொல்லியிருக்கிறேன்.
மூக்கு ஒழுக அழுதேன்.

கவுன்சிலர் பிலோமினா
ராத்திரியைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"பகல்ல என்ன சாப்பிடுறீங்க?"
திட்டு வாங்கத் தயாராய்ப் போனவள்
டீ என்றேன்.
அது எனக்கே வினோதமாகக் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் குடமுருட்டிப் பாலம்.
வறண்டு வெடித்த வாய்க்காலில்
மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் திறந்துவிட்டு
கரையைக் குற்றம் சொன்னது யார்?

இப்போது முறை வைத்திருக்கிறேன்.
எட்டு, ஒன்று, நாலரை, எட்டு.
போனில் அலாரம்,
மதகு திறக்கும் லஸ்கர் மாதிரி,
பசியா என்று கேட்காமல் அடிக்கும்.

போன வெள்ளி மறுபடி உடைப்பு.
மாமனார் திதிக்கு வைத்த பாயசம், பாத்திரத்தோடு.
ஒன்றே முக்காலுக்கு ஞானசேகருக்கு அடித்தேன்.
"எங்க இருக்கீங்க?"
"அடுப்படியில. நீங்க?"
"விக்கிரவாண்டி டோல்ல."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அந்தப் பக்கம் இண்டிகேட்டர்
டிக் டிக் என்றது.
"காலைச் சாப்பாட்டைத் தள்ளிடாதீங்க."
"நீங்களும்."

தள்ளத்தான் நினைத்தேன்.
எட்டு மணிக்கு அலாரம்.
சிப்பத்தின்மேல் உட்கார்ந்து
எல்லோர் கண்ணெதிரிலும் மூடியைத் திறந்தேன்.
லோடு ஏற்றும் வைரக்கண்ணு
கொக்கியைத் தோளில் மாட்டியபடி ஒரு கணம் பார்த்துவிட்டு
"மெதுவா சாப்பிடுங்க, நெல்லு எங்க ஓடிடப்போவுது"
என்று போய்விட்டார்.

மூன்று இட்லி.
மூன்றாவதுக்கு நேரம் பிடித்தது.
சட்னியில் உப்பு கூடுதல்.
அது தெரிந்தது.