முதலில் யாரைப் பார்ப்பாய்

வாழைப்பழத்தின் தோலில்
பேனாவால் எழுதி வைத்திருக்கிறான் என் மகன்:
பொட்டாசியம், மூன்றரை முதல் ஐந்து.
உரிக்கும்போது அம்மாவுக்கு மனதில் நிற்குமாம்.
குறைந்தாலும் இதயம் தடுமாறும், கூடினாலும் தடுமாறும்,
ஊசியில் எடுத்து நேரே நரம்பில் தள்ளவே கூடாது, எமெட்,
என்றேன்.
தள்ளினால்?
பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.

டுலூத்தில் மார்ச் கடைசி.
ஏரி இன்னும் பாதி பனிக்கட்டி.
முதியோர் இல்லத்தின் பின்வாசலில் காரை நிறுத்தி
இரவுப் பணிக்கு முந்தைய நாற்பது நிமிடத்தை
ஹீட்டரின் முன் அட்டை அட்டையாக விரிக்கிறேன்.
இன்சுலினில் தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு.
நாடி அறுபதுக்குக் கீழே போனால்
டிகாக்சினைக் கொடுக்காதே, கூப்பிடு.
காசநோய், தட்டம்மை, சின்னம்மை: காற்றில் வரும், கதவைச் சாத்து.
மக்னீசியம் மிஞ்சினால்
சுத்தியல் தட்டியும் முழங்கால் உதைக்காது.
வலி என்பது, நோயாளி வலி என்று சொல்வது.
இந்த ஓர் அட்டை மட்டும்
எப்படிக் கலைத்தாலும் மேலே வருகிறது.

போன நவம்பரில்
எண்பத்தைந்தாவது கேள்வியோடு திரை அணைந்தது.
ஜெயித்தவர்களுக்கும் அங்கேயே அணைவதுண்டு என்றார்கள்.
கடிதம் வந்தது.
பதினாறு வருடம் படுக்கை விரிப்பு மாற்றிய கை
அதை மூலை பிசகாமல் மடித்து
மைக்ரோவேவின் மேல் வைத்தது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"நீ நிஜத்தை நினைத்துக்கொண்டு விடை எழுதுகிறாய், ட்ரீனா"
என்பாள் மாய் சீ, முதல் தடவையிலேயே தேறியவள்.
"பரீட்சைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில்
ஆள் பற்றாக்குறையே கிடையாது.
உனக்கு ஒரே நோயாளி.
உலகத்து நேரமெல்லாம் உன் கையில்."

இரவு இரண்டு பத்து. பன்னிரண்டாம் அறை.
லுண்ட்குவிஸ்ட், தாதுக்கப்பல் துறையில் முப்பது வருடம்.
மூச்சு, நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.
எண்ணலாம் நான்.
எண்ணியதற்கு என்ன பொருள் என்று சொல்ல
எனக்கு உரிமம் இல்லை.
தலைமாட்டை உயர்த்தினேன், மணியை அழுத்தினேன்.
முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, அப்புறம் ரத்தம்.
நடைவழியில் மாய் சீயின் ஓட்டம் கேட்டது,
ஆக்சிஜன் வண்டியின் சக்கரம் கேட்டது.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்:
போகப்போகிறேனா?

நான்கு விடைகள் வரிசையில் வந்து நின்றன.
ஒன்று: உங்களுக்கு ஒன்றும் ஆகாது.
பொய் ஆறுதல், மதிப்பெண் இல்லை.
இரண்டு: ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?
ஏன் என்று கேட்டாலே தவறு.
மூன்று: டாக்டர் வரட்டும்.
கைகழுவுதல்.
நான்கு: பயமாக இருக்கிறது உங்களுக்கு. நான் இங்கேயே இருக்கிறேன்.

நான் சொன்னது ஒன்று.
ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது, லார்ஸ், ஒன்றும் ஆகாது.
மூன்று தடவை தோற்றேன்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்,
நாலாவது விடையின் பின்பாதியை
வாயே திறக்காமல்.
மூன்றரைக்கு அவர் தூங்கினார்.

வியாழன் காலை பாலத்தைத் தூக்கிவிட்டார்கள்.
இந்தப் பருவத்தின் முதல் கப்பல்,
ஆயிரம் அடி நீளம், துருவின் சிவப்பு,
சங்கு ஊதிக்கொண்டு வந்தது.
எனக்கு எட்டரைக்குப் பரீட்சை.
முன்னால் ரொட்டிக்கடை வண்டி.
பின்னால் அழும் குழந்தையோடு ஒருத்தி.
யாரை முதலில் விடுவாய்?
கப்பலை.
எங்களுக்கு பிரேக் உண்டு, அதற்கு இல்லை.
ஆறு மாதம் அட்டையில் படித்தது
அப்போதுதான் புரிந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

நாற்பத்தோராவது கேள்வியில் ஒரு கிழவர்,
பெயர் இல்லை, வயது எழுபத்தெட்டு,
தான் சாகப்போகிறோமா என்று கேட்கிறார்.
நான்கை அழுத்தினேன்.
மணிக்கட்டு லேசாக வலித்தது.

எண்பத்தைந்து.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
திரை அணையவில்லை.
எண்பத்தாறு: நான்கு அறை, நான்கு நோயாளிகள்.
முதலில் யாரைப் பார்ப்பாய்?