காலி எடை

வள்ளியூர் தாண்டி
ராதாபுரம் போகிற சாலையில்
தவசிக்கனி அண்ணாச்சியின் எடைமேடை.
சிஸ்டம் படுத்துட்டு, உடனே வா என்றார் போனில்.
ஆடிக் காற்று வழியெல்லாம்
ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தது.

எட்டுக்கு எட்டு அறை.
கீபோர்டுக்கு மேல் பாலித்தீன் உறை,
உறைக்கு மேல் கல்தூசி,
எண்களிலும் என்டரிலும் மட்டும்
விரல் பட்ட பளபளப்பு.
சுயம்புக்கனி எழுந்து
எனக்கு நாற்காலி விட்டாள்.
வண்டி ஏறியதும் எண்ணைப் பார்த்துச்
சீட்டு எடுப்பது அவள் வேலை.

சிஸ்டம் படுக்கவில்லை.
பொத்தானை அமுக்கியதும்
நல்ல பிள்ளையாக எழுந்தது.
"ஓடுதே அண்ணாச்சி."
"ஓடட்டும்டே. நீ புதுசாப் போடு.
பழசு ஒண்ணும் வேண்டாம்."

என் பென் டிரைவ் சாவிக்கொத்தில் கிடக்கும்.
மூடி தொலைந்து மூணு வருஷம்.
முப்பத்திரண்டு ஜிபி, பாதி காலி.
பணகுடி ஆஸ்பத்திரியில் ஒன்று,
திசையன்விளை நகைக்கடையில் ரெண்டு,
ஒரு பாதிரியாரின் லேப்டாப் என்று
எத்தனையோ செத்ததை இதை வைத்து எழுப்பியிருக்கிறேன்.
உயிரோடு இருப்பதைக் கொல்வது
இதுதான் முதல்.

எஃப் பன்னிரண்டை விடாமல் தட்ட வேண்டும்.
ஒரு நொடி பிந்தினால் பழையது முந்திவிடும்.
பிந்தினேன். முந்தியது.
மறுபடி தட்டினேன்.

போடும் முன் சும்மா சுற்றிப் பார்க்க
ஒரு வழி இருக்கிறது.
எப்போதும் பார்ப்பேன்;
யாராவது கல்யாணப் போட்டோவை மறந்திருப்பார்கள்.
இங்கே போட்டோ இல்லை.
வருஷவாரியாக லாரிகள்.
வண்டி எண், காலி எடை, பார எடை, நேரம்.
ராத்திரி ரெண்டு பத்து.
ரெண்டு இருபது.
ரெண்டு இருபத்தஞ்சு.
பதினாறு டன் ஏற்ற வேண்டியதில் இருபத்தொன்பது.
வரிசை தவறாமல் கடைசிக் கட்டத்தில்
சுயம்பு, சுயம்பு, சுயம்பு.

அண்ணாச்சி வெளியே போனில் இருந்தார்.
"எல்லாம் போயிருமாண்ணே?"
"எதையும் எடுத்து வைக்கணுமா?"
"எனக்கு என்ன இருக்கு இதுல" என்றவள்
கொஞ்சம் விட்டு,
"எம் பேருதான் இருக்கு" என்றாள்.
அது வேண்டும் என்கிறாளா
வேண்டாம் என்கிறாளா
குரலில் பிடிபடவில்லை.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?
படிக்காமலே ஆயிரம் தடவை
ஆமாம் சொன்ன கேள்வி.
நாலு நிமிஷம் சும்மா இருந்தேன்.
என்னடே பண்ணுத என்ற அண்ணாச்சியிடமும்
சும்மா இருக்கேன் என்றுதான் சொன்னேன்.
பென் டிரைவின் சின்ன விளக்கு
துடித்துக்கொண்டிருந்தது.
அது நின்றதும்
அமுக்கினேன்.

நீலக் கோடு முப்பத்தேழு வரை ஊர்ந்தது.
கரண்டு போனது.
ஜன்னலுக்கு வெளியே
கண்ணுக்கு எட்டுகிறவரை காற்றாலைகள் சுற்றுகின்றன,
உள்ளே யுபிஎஸ் கீச்சு கீச்சென்று அழுகிறது.
"நமக்கு மட்டும் சுத்த மாட்டேங்குது பாத்தீரா"
லாரியை விட்டு இறங்கிய வியாகப்பன்
சட்டைக்குள் குனிந்து பீடி பற்றவைத்தார்.
யுபிஎஸ்ஸும் கண்ணை மூடியது.
அரை மணி நேரம் அந்தப் பெட்டிக்குள்
பழையதும் இல்லை, புதுசும் இல்லை.
வெளியே நாலு லாரி
எடை இல்லாமல் நின்றது.

திரும்ப முதலிலிருந்து போட்டு
முடிக்கும்போது மணி மூணரை.
உள்பேட்டரி செத்துப்போய்
தேதி, ரெண்டாயிரத்து ஒன்பது
ஜனவரி ஒன்று என்றது. திருத்தினேன்.
பயனர் பெயர் கேட்டது.
சுயம்புக்கனியைப் பார்த்தேன்.
"ஆபீஸுன்னு போடு" என்றார் அண்ணாச்சி.

சரியாகக் காட்டுகிறதா என்று
யாராவது ஏறிப் பார்க்க வேண்டும்.
நாற்பது அடி இரும்பின் நடுவில்
நானே போய் நின்றேன்.
"அறுபது!" என்று கத்தினாள் ஜன்னல் வழியாக.
நான் ஐம்பத்தாறு.
இருபது இருபதாகத்தான்
அதற்கு எண்ணத் தெரியும்.

இறங்கி,
சாவிக்கொத்தை மட்டும் மேடையில் வைத்தேன்.
பைக் சாவி, வீட்டுச் சாவி,
மூடி இல்லாத பென் டிரைவ்.
திரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"சைபர்" என்றாள் மெதுவாக.
அப்புறம்
அண்ணாச்சிக்குக் கேட்கும்படி
இன்னொரு தடவை,
"சைபர்."