புல எண் 214/3

மூன்று கல்லில் ஒன்று கிடைத்தது.
மற்ற இரண்டும் எங்கே நிற்க வேண்டுமோ
அங்கே இடுப்பளவுத் தண்ணீர்.
சங்கிலியின் ஒரு முனையோடு
மாரிச்சாமி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான்.
"இங்கதான் சார்" என்று அலைக்குள் காலை ஊன்றினான்.
வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.
மை காய்வதற்குள் மாரிச்சாமி
இரண்டடி தள்ளி நின்றான்.

ஏழு சென்ட்.
தெற்கே கடல் என்கிறது பத்திரம்.
மேற்கே பாதை, கிழக்கே குருசடி, வடக்கே பனை.
பனை மட்டும் இருக்கிறது,
வேரெல்லாம் வெளியே தெரிய.
மற்றபடி எந்தப் பக்கம் பார்த்தாலும்
பத்திரத்தின் முதல் வரிதான்.

மேற்கே கல் கொட்டியிருக்கிறார்கள்.
தூண்டில் வளைவு என்று பெயர்.
அதில் மாட்டுவது மணல்.
அந்தப் பக்கம் பையன்கள் பந்து விளையாடும் அளவுக்குக்
கரை வளர்ந்துவிட்டது.
இந்தப் பக்கம்
வரவேண்டியது வரவில்லை,
போகவேண்டியது மட்டும் போய்க்கொண்டிருக்கிறது,
சம்பளம் நின்ற வீட்டுக்கும்
வட்டிக்காரன் தேதி தவறாமல் வருவதுபோல.

கச்சான் வீசும் மாதங்களில் அலை நேராக வராது.
சாய்ந்து ஏறும், நேரே இறங்கும்.
ஏறும்போது தூக்கிய மணலை
இறங்கும்போது ஒரு சாண் கிழக்கே வைக்கும்.
பிறகு இன்னொரு சாண்.
இரவு பத்து மணிக்கும் போய்ப் பார்த்தேன்,
வைத்துக்கொண்டிருந்தது.

தஸ்நேவிஸ் மேரி கடலாடி தாலுகா ஆபீசுக்கு
ஜவுளிக்கடைப் பையோடு வந்தார்.
மேசையில் கவிழ்த்தார்.
செங்கல் துண்டுகள்.
முனை மழுங்கி, இலந்தைப்பழம் அளவில்,
புளியங்கொட்டை அளவில்.
சிலவற்றில் பச்சைப் பெயின்ட்.
"அடுப்படிச் சுவரு சார்.
நான் அடிச்ச பெயின்ட்டு, எனக்குத் தெரியாதா?"

ஓடை வாயை அடைத்துக்கொண்டு
கிழக்கே புதிதாக எழும்பியிருக்கும் திட்டில்,
பாசி எடுக்கப் போனபோது பொறுக்கியதாம்.
"பெருசு கிட்டக்க, பொடிசு தூரத்துல,
தரம் பிரிச்சு வச்சிருக்கு சார் கடலு.
என் வீடு அங்க இருக்கு.
பட்டாவ அங்க மாத்திக் குடுங்க."

நஞ்சைக்கு, புஞ்சைக்கு, தரிசுக்கு, புறம்போக்குக்கு
எங்கள் பதிவேட்டில் கட்டம் உண்டு.
நடந்து போகும் நிலத்துக்கு இல்லை.
தாசில்தார் சிரித்தார்.
ஒரு துண்டைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தார்.
"போய் அளந்துட்டு வாங்க" என்றார்.

போனோம்.
கொக்கிபோல் உள்வாங்கி வளைந்த திட்டு.
கருமணல் வரிவரியாக,
மிதித்தால் கணுக்கால்வரை புதைகிற ஈரம்.
அதற்குள் அடும்பு ஒன்று இரண்டு இலை விட்டிருந்தது,
யாரிடமும் கேட்காமல்.
ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு மேரி நடந்து காட்டினார்:
"இது முன்வாசலு. இங்க கோழிக்கூடு."
ஆறு ஆப்பு அடித்தேன்.
பிறகு அவரே குனிந்து
ஒரு ஓட்டுச் சில்லைப் பொறுக்கினார்.
"இது சாந்தக்குரூஸ் வீட்டுது."
கொஞ்சம் குருசடிச் சுண்ணாம்பும் கிடந்தது.
மீதி மணலில் எவ்வளவு வைப்பாறு சுமந்து வந்ததோ,
எந்தப் பார் தேய்ந்த பொடியோ.
பட்டாதாரர் பெயர் என்ற இடத்தில்
எத்தனை பேரை எழுதுவது?

குறிப்புரையில் 'அழிந்தது' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'இடம்பெயர்ந்தது' என்றேன்.
மேலிடம் அதையும் சிவப்பு மையில் சுழித்துத்
திருப்பி அனுப்பியது.

ஐப்பசியில் காற்று திரும்பி வாடை விழுந்தது.
ஒரு காலை போன்.
"சார், மேரி பேசுறேன்.
நெலம் திரும்பி வருது போல, கொஞ்சம் மேற்காம.
நீங்க அடிச்ச ஆப்புல ஒண்ணு
பனமரத்தடியில கெடக்கு.
எடுத்து வச்சிருக்கேன்.
எங்க சார் நடணும்?"