மூன்று பத்துகளும் ஓர் இருபதும்

கேஷியர் ஹால்வர் குவாமி,
உன் கையெழுத்து எனக்கு என்னுடையதைவிடப் பழக்கம்.
எண் பன்னிரண்டில் முழுப்பெயர், வால் சுழித்து.
நானூற்று ஆறில் எழுத்துகள் ஒன்றையொன்று மிதிக்கின்றன.
தொள்ளாயிரம் தாண்டியதும்
ஒரு கோடு, ஒரு மேடு, அவ்வளவுதான்.
வாஷிங்டன் தாள் தாளாய் அனுப்பியதை
நீதானே ஒப்பமிட்டுக் கத்தரித்துப் பணமாக்க வேண்டும்,
வடக்கு டகோட்டாவில், கணப்பு புகையும் ஒற்றை அறையில்.
குறை சொல்லவில்லை.

நான் புரொப்பேன் லாரி ஓட்டுகிறவன்.
ஸ்டென்விக்கில் உன் வங்கி இருந்த கட்டடத்தில்
இப்போது டயர் விற்கிறார்கள்.
உன் நோட்டுகள் ஏழு என்னிடம்.
தேடியது உன்னுடையதை அல்ல.

பதினெட்டாம் ஆண்டு நவம்பரில்
ஊரோடு நீயும் காய்ச்சலில் விழுந்தாய்.
பதினொரு நாள்
உன் நாற்காலியில் உன் மனைவி ராக்னா.
ஒரே ஒரு தாளில் ஒப்பமிட்டாள்:
மூன்று பத்து, ஓர் இருபது.
பேரேட்டில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன்.
நோட்டை யாரும் பார்த்ததில்லை,
போன மார்ச் வரை.

ஒமாஹாவில் ஏலம்.
உறையோடு கையில் கொடுத்த பெண்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.
நான்கு நிமிடம்.
முதல் எழுத்தின் காலடியில் மை குளம் கட்டியிருந்தது;
எழுதலாமா என்று பேனா நின்ற இடம்.
பிறகு முழுப்பெயர், ஒரு புள்ளி விடாமல்.
கத்தரிக்கோல் சறுக்கிக்
கீழ்விளிம்புச் சித்திரத்தைக் கடித்திருந்தது.
தரம் பார்த்தவர் அதற்கு மதிப்பெண் குறைத்திருந்தார்.
நானாக இருந்தால் கூட்டியிருப்பேன்.

ஒன்பதாயிரத்து இருநூறு வரை கை தூக்கினேன்,
லாரி எஞ்சினுக்கு ஒதுக்கிய காசு.
டல்சாவிலிருந்து வந்த பல் டாக்டர்
தூக்கிய கையை இறக்கவே இல்லை.
பதினான்காயிரம்.
அப்புறம் காபி வாங்கித் தந்தார், நல்ல மனிதர்.
"யார் இந்த ராக்னா?" என்றார்.
சொல்லியிருக்கலாம்.
தெரியாது என்றேன்.

கொண்டுவருபவர் கேட்டதும் பத்து டாலர் தரப்படும்
என்று அச்சிட்டிருக்கிறது அதில்.
கேட்க வேண்டியதை டயர்க்கடையில் கேட்க முடியாது.
இரவு நெடுஞ்சாலை முழுக்க எண்ணிக்கொண்டே வந்தேன்,
இன்னும் இரண்டு பத்து, ஓர் இருபது.
ஏதோ சுவருக்குள் இருக்கலாம்.
அன்றைக்கே மாவுக்கும் ஆஸ்பிரினுக்கும் போயிருக்கலாம்.

ஹால்வர், நீ பிழைத்தாய்.
அடுத்த வசந்தத்து நோட்டு என்னிடம் இருக்கிறது.
கோடு இல்லை, மேடு இல்லை,
மறுபடி முழுப்பெயர்
சுழிக்காமல், ஒவ்வோர் எழுத்தாய்.
அவள் சொல்லியா,
அவள் இல்லாமல் போயா,
பேரேட்டில் அதற்கு வரி இல்லை.