பின்னால் தொங்குவது

நான்கு வருடம் ஆட்டுத் தலைகள்
எங்களோடு வண்டிக்குள்தான் வந்தன.
மூடி போட்ட வாளியில்,
வெறிநோயா இல்லையா என்று
விண்ட்ஹுக் ஆய்வகம் சொல்லும்வரை
வாய் திறவாத தலைகள்.
பக்கத்தில் எங்கள் ரொட்டி.

ஒரு செவ்வாய்க்கிழமை
ரொட்டியை முகர்ந்துவிட்டு
"போதும்" என்றார் டாக்டர் ரௌனா.

அப்படித்தான் ஒட்ஜிவரோங்கோவில்
டெட்லேஃப் கடைக்குப் போனோம்,
லேண்ட் குரூஸரின் பின்பக்கம்
நெடுநாளாய்ச் சும்மா கிடந்த
இரண்டங்குலச் சதுரப் பொந்துக்கு
ஒரு சுமைதாங்கி தேடி.

முதலாவது ஸ்டீல்.
"இருநூறு கிலோ தாங்கும்" என்றார்.
"இதன் எடை?"
"நாற்பது."
"இரண்டு கேன் தண்ணீரை வீட்டில் வைத்துவிட்டு
இரும்பைச் சுமந்து போகச் சொல்கிறீர்கள்."
டெட்லேஃப் மீசையை நீவினார்.

அடுத்தது அலுமினியம்.
ஒரு கையால் தூக்கினேன், காலி வாளிபோல் வந்தது.
எனக்குப் பிடித்துவிட்டது.
ஆனால் எங்கள் சாலைகள்
தகரக் கூரையைப் படுக்கப்போட்டவை.
போன குளிர்காலத்தில் கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர்
முழுதாக வாங்கிப்போனதை
இரண்டாகத் திருப்பிக் கொண்டுவந்தாராம்.
விற்பவரே சொன்னார்.
அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம்
ஏதாவது வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது.

டாக்டர் கதவைக் காட்டினார்.
தடுப்பூசிப் பெட்டி இருப்பது அதற்குள்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை திறப்போம்.
குறுக்கே ஒரு மேடை நின்றால்
நாற்பது முறை இறக்கி ஏற்ற
என் முதுகுதான் இருக்கிறது.

ஆகவே மூன்றாவது:
கீல் வைத்தது, கதவுபோல் ஒதுங்கி வழிவிடுவது.
விலையை டாக்டர் மாடுகளில் கணக்கிட்டார்.
ஒரு காளை, ஒரு கன்று.
எடை ஐம்பத்து மூன்று.
நாற்பதுக்குச் சண்டை போட்டவர்
ஐம்பத்து மூன்றுக்கு வாய் திறக்கவில்லை.
தண்ணீரைக் குறைக்கவுமில்லை.
என் மூன்றுகால் இரும்புச் சட்டியைக்
கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார்.

தரையில் மல்லாந்து படுத்து அளந்தேன்.
ஹோருசிப் ஆற்றுக்குள் இறங்குவது பெரிதில்லை.
ஏறும்போது
முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும்,
பிட்டம் தரையைத் தேடும்.
ஒரு சாண் கூடுதலாகத் தொங்கினால்
மணல் நம்மை வாலைப் பிடித்து நிறுத்திவிடும்.
தண்டைக் குட்டையாக அறுக்கச் சொன்னேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
புகைக்குழாயின் வாய்
நேரே வாளி வைக்கும் இடத்துக்குக் கீழே.
செத்த தலைக்கும் குளிர்ச்சி வேண்டும்.
வெந்த தலை உண்மை சொல்லாது.
டெட்லேஃப் ஒரு தகரத்தை வளைத்து
இடையில் முடுக்கினார்,
அதற்குக் காசு வாங்கவில்லை.

நம்பர் பிளேட் மறைந்ததற்குப்
போலீஸ்காரர் வாங்கினார், அது வேறு.

பூரோஸ் பக்கத்தில் உவெரிகொன்ஜேரா
தன் கிடாயின் தலையைக் கொடுக்கும்போது
புதிய மேடையைச் சுற்றி வந்து பார்த்தாள்.
"இத்தனை நாள் உள்ளே உட்கார்த்திவைத்தீர்கள்,
இது மட்டும் என்ன தப்பு செய்தது?"
டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.
அன்று ஊசியை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு குறை.
கடகட, கடகட.
பொந்துக்கும் தண்டுக்கும் நடுவே
ஒரு நகக்கனம் இடைவெளி.
டியூபை வெட்டித் திணித்தேன், துணி சுற்றினேன்.
கல் மாறினால் தாளம் மாறியது,
சத்தம் மாறவில்லை.
மூன்று வாரத்தில் அது
எங்களோடு வரும் நாலாவது ஆள் ஆனது,
பேச்சை நிறுத்தாத மச்சான் மாதிரி.

நேற்று சாயங்காலம்
ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறியதும்
சத்தம் நின்றது.

ஒருவரையொருவர் பார்த்தோம்.
பிரேக் போட்டு
இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குதித்துப்
பின்னால் ஓடினோம்.

அங்கேதான் இருந்தது.
வாளி, தண்ணீர், ஸ்பேர் டயர்,
கட்டிய கயிறு கட்டியபடி.
இடைவெளியில் ஈர மணல் புகுந்து
இறுகியிருந்தது, அவ்வளவுதான்.

காயட்டும், உதிர்ந்துவிடும் என்றார் டாக்டர்.
வண்டியை எடுத்தேன்.
அந்த அமைதியில்
கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டினேன்.