செவ்வாய், காலை பத்து மணி

ஒன்பது வருடம் முன்பு ஒரு பின்னிரவில்
லீலோ எழுதிய சின்ன நிரல் அது:
தேதியைக் கொடுத்தால் மாதத்தின் எண் சொல்லும்.
தூக்கக் கலக்கத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ணிவிட்டாள்.
ஜனவரி பூஜ்யம். டிசம்பர் பதினொன்று.

இலவசம்தானே, எடுத்துக்கொண்டார்கள்.
பெர்கனில் படகுச்சீட்டு அடிப்பவர்கள்,
வால்பரைசோவில் கண்டெய்னர் எண்ணுகிறவர்கள்,
பெயர் சொல்லாத ஏதோ ஒரு வங்கி.
பிழையைக் கண்டவர் யாரும் சண்டைக்கு வரவில்லை.
ஆளுக்கு ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு
வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இப்போது அவள் திருத்தினால்
அவர்கள் திருத்தமெல்லாம் பிழையாகும்.

தார்த்துவில் முதல் பனி.
சமையலறைச் சுவரில் அடுத்த வருடக் காலண்டர்,
கையில் சிவப்புப் பென்சில்.
ராகு காலம் அறியாத ஊர்தான். ஆனாலும்
வெள்ளி மதியத்துக்கு மேல் எதையும் வெளியிடக் கூடாதென்று
இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.
மார்ச் கடைசி ஞாயிறு, கடிகாரம் ஒரு மணி தாவும்: அடித்தாள்.
காலாண்டுக் கணக்கு முடியும் வாரங்கள்: அடித்தாள்.
டிசம்பரை முழுசாக.
ஜூலையில் பாதி ஐரோப்பா கடலோரம் கிடக்கும்,
உடைந்தால் ஒட்ட ஆளிருக்காது.

"நாள் பார்த்தால் நாளே கிடைக்காது,
நாளைக்கே தள்ளிவிடு" என்றான் பென்ட்செ, செகெடிலிருந்து.
அவன் பின்னால் குழந்தை அழுதது.

முதலில் எச்சரிக்கை மட்டும்.
ஓடும்போதெல்லாம் திரையில் ஒரு மஞ்சள் வரி:
ஏப்ரல் ஒன்பது முதல் ஜனவரி என்றால் ஒன்று.
தண்டவாளத்தருகே குடியிருப்பவன் காதில் விழாத ரயிலாக
அது உலகமெங்கும் ஓடியது.
ஒரே ஒரு கடிதம் வந்தது:
ஏப்ரல் எங்களுக்குத் திராட்சை மாதம்.
தயவுசெய்து மே. எவாரிஸ்தோ.

முகம் தெரியாத எவாரிஸ்தோவுக்காக
ஐந்து வாரம் தள்ளிவைத்தாள்.

செவ்வாயோ வெறுவாயோ என்போம் நாம்.
அவளுக்குச் செவ்வாய்தான் வாகு:
திங்களின் குவியல் குறைந்திருக்கும்,
கெட்டதைச் சரிசெய்ய வெள்ளிவரை நேரமிருக்கும்.

பத்து மணி. பொத்தானை அழுத்தினாள்.
பெர்கனில் படகு கிளம்பியது. வங்கி வாய் திறக்கவில்லை.
திராட்சை எப்போதோ கடல் கடந்துவிட்டது.

மாலை ஆறரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
மூன்றாம் மாடி கால்யு, துண்டும் சோப்பு டப்பாவுமாய்:
"சானா அறை திறக்கவில்லை.
என் முறை ஜூனில்தானாம், பூட்டு சொல்கிறது."

அடித்தளத்துச் சின்னக் கணினியில்
ஆறு மாதமாய் மஞ்சள் வரி ஓடியிருக்கிறது.
அந்தப் பூட்டுக்கு நிரல் எழுதியவள் லீலோதான்.
ஒன்றைக் கூட்டியவளும்.